ஞாயிறு அலட்டல் 17: புகைபோக்கி எங்கை?

இந்தக் கிழமை அலட்டல் ஒரு பொய்யோட தொடங்குது. சொன்னது நான்தான்.

சித்தப்பா பாரிசுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல. திரான்சியில வீடு, லாச்சப்பலில சாமான், இடையில ஒரு ரெஸ்ரோறன்ட் குசினி. இவ்வளவு காலத்தில சேன் ஆத்தில படகு ஏறினதே இல்லை. "அது வெள்ளைக்காரருக்கு" எண்டு தட்டிக் கழிப்பார். ஆனா பழைய மெசின் எண்டால் மனுசனுக்கு உயிர். ஊரில தண்ணி இறைக்கிற மெசின் கழட்டிப் பூட்டினவர். அதால "பழைய நீராவிப் படகு சித்தப்பா, வாங்கோ" எண்டு அளந்துவிட்டன்.

முழுப் பொய்யும் இல்லைப் பாருங்கோ. அமெரிக்கர் ரொபேட் ஃபுல்டன் 1803 ஓகஸ்ட் 9 நீராவிப் படகை ஓட்டிக் காட்டினது இதே ஆத்திலதான். முதல் கட்டினது மெசின் பாரம் தாங்காமல் உடைஞ்சு தாண்டு போக, திருப்பிக் கட்டி ஓட்டினவர். பிறகு 1867 உலகக் கண்காட்சிக்கு லியோனில இருந்து நீராவிப் 'பத்தோ மூஷ்' வந்தது. மூஷ் எண்டால் ஈ. ஆனா பேருக்குக் காரணம் ஈ இல்லை, படகு கட்டின லியோன் பகுதிக்குப் பேர் மூஷ். அப்ப அது சுற்றுலா இல்லை, எங்கட மினிபஸ் மாதிரி. 1900இல மெற்றோ வந்தாப்பிறகு சனம் குறைஞ்சு, 1934இல சேவை நிண்டு போச்சு. 1949இல ஜோன் புருயெல் எண்டவர் அந்தப் பேரில சுற்றுலாப் படகு விட்டார். பகிடிக்காரன். 1953 ஏப்ரல் முதலாந் திகதி 'ஜோன் செபஸ்தியான் மூஷ்' எண்டு இல்லாத ஒருத்தரைப் படகின்ர பிதாவாக்கி விழாவே எடுத்தவர். அதுக்கு முன்னால என்ர பொய் தூசு :-)

அல்மா பாலத்தடியில ஏறினவுடன சித்தப்பா கேட்டது ஒண்டுதான்: "புகைபோக்கி எங்கையடா தம்பி?"

டீசல் எண்டு ஒப்புக்கொண்டன். அவர் சிரிக்கேல்லை. கம்பியை இறுக்கிப் பிடிச்சபடி நிண்டார். நோத்ரு டாம் வந்தது, போனது, திரும்பிக்கூடப் பாக்கேல்லை. ஒரு பாலத்துக்குக் கீழ மெசின் சத்தம் எதிரொலிக்கேக்கைதான் வாய் திறந்தார்.

"93இல கிளாலி. ஆனையிறவுப் பாதை பூட்டு. முன்னுக்கு ஒரு மெசின் படகு, பின்னால கயித்தில அஞ்சாறு வள்ளம். லைற் இல்லை. நேவி வந்திடுவான் எண்டு ஒருத்தரும் இருமக்கூட இல்லை. அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்தம். ஒருக்கா நிண்டது. ரெண்டு நிமிசம் இருக்கும்."

எனக்கு இது தெரியாது. அப்பாவும் சொன்னதில்லை. வெள்ளைக்காரருக்கு எண்டு அவர் ஒதுக்கி வைச்சதுக்குப் பின்னால இது கிடந்திருக்கு. நான் பகிடி எண்டு நினைச்சுக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

அடுத்த பாலத்தில நிண்ட பிள்ளையள் கை காட்டினவை. சித்தப்பா ஒரு கையால கம்பியை விடாமல் மற்றக் கையால திருப்பிக் காட்டினார்.

இறங்கி லாச்சப்பலில கொத்துரொட்டி சாப்பிடேக்கை, "அப்ப உண்மையான நீராவிப் படகு எங்கை ஓடுது?" எண்டார். சுவிசில, லெமான் ஏரியில. லோசானில ஏறலாம். 1910இல கட்டின 'லா சுவிஸ்' இன்னும் நீராவியிலதான் ஓடுது, மெசின் சுத்துறதை மேல நிண்டே பாக்கலாம் எண்டன்.

ஒரு வாய் சாப்பிட்டார். "அத்தையிட்டை ரிக்கற் விலையைக் கேட்டுப் பார்."