‘கடன்’னு தேடினா ‘கடல்’ வருது பாஸ்!

இந்த வாரம் ஒரு குட்டி புரோகிராம் கதை. பயப்படாதீங்க, கோடிங் ஒரு வரிகூட கிடையாது.

எங்க காலேஜ் ஆண்டு மலர்ல சீனியர்ஸ் எழுதின 200 கட்டுரைகளை வேர்ட்பிரஸ் தளம் ஒண்ணுல ஏத்தினோம். வர்றவங்க ஒண்ணைப் படிச்சிட்டு கிளம்பிடுவாங்க. மிச்ச 199-ம் குறட்டை! அதான், கட்டுரை முடியற இடத்துல ‘இதையும் படிங்க’ன்னு மூணு தலைப்பு காட்டுற ப்ளக்-இன் எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஐடியா, அதிகம் பேர் படிச்ச மூணைக் காட்டுறது. விளைவு? ஃபீஸ் கட்ட முடியாம வகுப்புக்கு வெளியே நின்ன ஒரு அக்காவோட கட்டுரைக்குக் கீழே ஹாஸ்டல் தோசை காமெடி! பார்க்கவே கஷ்டமா இருந்தது. இத்தனைக்கும், கல்விக் கடன் வாங்க எந்தெந்த பேப்பரோட பேங்க்குக்குப் போகணும்னு ஒரு அண்ணா எழுதினது அதே தளத்துல யாரும் தொடாம கிடந்தது. இந்த ரெண்டையும் சேர்த்து வெச்சாதான் என் ப்ளக்-இன் பாஸ்னு முடிவு பண்ணினேன்.

அடுத்து, ரெண்டு கட்டுரைக்கும் பொதுவான வார்த்தைகளை எண்ணினேன். ‘ஒரு’, ‘இந்த’, ‘என்று’ மூணும் சேர்ந்து எல்லாத்தையும் சொந்தக்காரங்க ஆக்கிடுச்சு. இதுக்கு மருந்து 1972-லேயே ரெடி. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற இங்கிலாந்து அறிஞர் சொன்னது: ஒரு சொல் எத்தனை குறைவான கட்டுரைகளில் வருதோ, அத்தனை மதிப்பு அதுக்கு. ‘ஒரு’ 200-லயும் இருக்கா? 200-ஐ 200-ஆல வகுத்தா 1, அதோட லாக் பூஜ்யம். ஆள் அவுட்! ‘கடன்’ 4-ல மட்டும்னா, வகுத்தா 50, லாக் 1.7. ப்ளஸ் டூவுல திட்டிக்கிட்டே படிச்ச லாக் இங்கே வந்து கைகொடுக்குது பாருங்க.

ஆனாலும் ரெண்டும் சேரலை. என்னடான்னு உள்ளே பார்த்தா, ‘கட்டணம்’ என்ற சொல் ‘கட’, ‘டணம’னு ரெண்டு துண்டா கிடக்குது! வார்த்தை பிரிக்க நான் எல்லாரையும் போல ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ போட்டிருந்தேன். எங்க சர்வர்ல அது எழுத்துகளை மட்டும்தான் மதிச்சது. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் அதுக்கு எழுத்தே இல்லை, வெறும் குறி. குறி வந்ததும் வெட்டு! குறிகளையும் சேர்த்துக்கோன்னு சொன்னதும் ‘கட்டணம்’ உயிர் பிழைச்சது. இதுக்கு எனக்கு ரெண்டு ராத்திரி.

அப்புறம் வேற்றுமை உருபு. அக்கா ‘கடனுக்கு’னு எழுத, அண்ணா ‘கடன்’னு எழுத, மெஷினுக்கு அது வேற, இது வேற. சோம்பேறித்தனமா, முதல் ரெண்டு எழுத்து ஒத்துப்போனா போதும்னு விட்டேன். கடனுக்குக் கீழே ‘கடல் அழைக்கிறது’, ‘கடைசி பெஞ்ச்’! சரின்னு ‘உக்கு’, ‘ஐ’, ‘ஆல்’னு விகுதிகளை வெட்ட ஒரு பட்டியல் போட்டேன். ‘கட்டணத்துக்கு’ல ‘த்துக்கு’ போய் ‘ம்’ வரணும். பள்ளிக்கூடத்து தமிழ் ஐயாவை அன்னிக்கு ரொம்ப நினைச்சுக்கிட்டேன். பட்டியல் இன்னும் முழுசா இல்லை. பத்துல ஒண்ணு ரெண்டு தப்பாதான் வெட்டுது.

கட்டுரையை சேவ் பண்ணும்போதே கணக்கை முடிச்சு வெச்சிட்டதால பக்கம் இழுக்கிறதில்லை. பொருத்தம் குறைவா இருந்தா எதையும் காட்டாதேன்னும் சொல்லிட்டேன். சும்மா இடத்தை நிரப்ப எதுக்கு தோசை? தலைப்புக்குப் பக்கத்துல எழுதின வருஷமும் வரும். கடன் விதி மாறியிருக்கலாம் இல்லையா?

போன வாரம் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் லேப் வாசல்ல தயங்கித் தயங்கி நின்னான். “அண்ணா, அந்த லோன் கட்டுரை பழசா இருக்கு. எழுதினவங்க நம்பர் கிடைக்குமா?”

தேடிக்கிட்டு இருக்கேன்.