வண்டிக்காரனுக்கு ஜமீன் எதுக்கு?

வித்துரா பக்கம் வந்து "எனக்கு முத்து ரொம்பப் பிடிக்கும்"னு சொல்லிப் பாருங்க. சாயாக்கடையில ஒரு குட்டிப் பட்டிமன்றமே நடக்கும். "எங்க தேன்மாவின் கொம்பத்தை எடுத்து, ஆட்டமும் பாட்டமும் சேர்த்துக் கெடுத்துட்டீங்களே"ங்கறதுதான் மலையாளிகளோட வழக்கமான குற்றச்சாட்டு.

தெரியாதவங்களுக்குச் சின்ன முன்கதை. பிரியதர்ஷன் 1994ல் எடுத்த மலையாளப் படம் தேன்மாவின் கொம்பத்து. மோகன்லால், ஷோபனா, நெடுமுடி வேணு. மாட்டுவண்டி ஓட்டுற மாணிக்கனுக்கும் அவன் முதலாளிக்கும் ஒரே பெண் மேல ஆசை, அவ்வளவுதான் கதை. ஒளிப்பதிவுக்காக கே.வி.ஆனந்துக்குத் தேசிய விருது கிடைச்சுது. அடுத்த வருஷமே, 1995 தீபாவளிக்கு, கே.எஸ்.ரவிக்குமார் இயக்கத்துல ரஜினி, மீனா, சரத்பாபு நடிச்சு முத்து வந்தது. ரஹ்மான் பாட்டுங்க பட்டிதொட்டியெல்லாம் ஒலிச்சுது. 1998ல் ஜப்பான் வரைக்கும் போய் ஓடுச்சு.

பாட்டு சேர்த்தது தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஹாலிவுட்டே அதைச் செஞ்சிருக்கு. 1940ல் வந்த 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி'ங்கற காதல் நகைச்சுவைப் படத்தை, 1956ல் 'ஹை சொசைட்டி'ன்னு இசைப்படமா மாத்தினாங்க. கோல் போர்ட்டர் பாட்டு, பிங் கிராஸ்பி, ஃபிராங்க் சினாட்ரா, கிரேஸ் கெல்லி, போதாததுக்கு லூயி ஆம்ஸ்ட்ராங் வேற! பாட்டால அந்தக் கதை ஒண்ணும் செத்துப் போகலை.

ஊரை மாத்தினதும் தப்பில்லை. மலையாளத்துல நாயகனும் நாயகியும் வழி தவறிப் போறது கன்னடம் பேசற ஊருக்கு. தமிழ்ல அதுவே கேரளா ஆயிடுச்சு! பாஷை தெரியாம முழிக்கறதுலதான் சிரிப்பே இருக்கு. இங்க வந்த புதுசுல அப்படி முழிக்காத தமிழன் உண்டா?

என் சண்டை வேற இடத்துல. மாணிக்கன் கடைசி வரைக்கும் வண்டிக்காரன்தான். வண்டிக்காரனாவே காதலிக்கிறான், வண்டிக்காரனாவே ஜெயிக்கிறான். முத்துவுக்கு மட்டும் ஒரு பிளாஷ்பேக் தேவைப்பட்டுது. அப்பா ஜமீன்தார், சொத்தையெல்லாம் விட்டுட்டுப் போனவர், வேலைக்காரன்தான் நிஜ வாரிசு! பணம் வந்தப்புறமும் அவன் பழைய முத்துவாத்தானே இருக்கான்னு கேப்பீங்க. சரிதான். ஆனா அந்தப் பணிவுக்குக் கைதட்டு விழறதே அவன் எஜமான்னு நமக்குத் தெரிஞ்சதுக்கு அப்புறம்தானே?

ஹாலிவுட்டும் இதுல யோக்கியம் இல்லை. ஃபிலடெல்ஃபியா ஸ்டோரியில, சுரங்கத்துல கூலியா இருந்து மேல வந்த மாப்பிள்ளை ஒருத்தன் உண்டு. கல்யாணத்தன்னைக்கு அவனைக் கழட்டி விட்டுட்டு, நாயகி தன்னை மாதிரியே பணக்காரனான பழைய புருஷன்கிட்டயே திரும்பிப் போறா. ஹை சொசைட்டியிலயும் முடிவு அதேதான். கழுத்து நிறைய வைரம், வாய் நிறைய பாட்டு, ஆனா உழைச்சு வந்தவனுக்கு வெளியே வாசல்.

இது எனக்கு ஏன் உறுத்துது? இங்கிருந்து மேல ஏறினா பொன்முடி, போனக்காடு தேயிலைத் தோட்டங்கள். அங்க கொழுந்து பறிக்க வந்தவங்கள்ல நம்ம ஊர் ஆளுங்களும் உண்டு. யாருக்கும் பிளாஷ்பேக்ல ஜமீன் இல்லை. நாமளும் கூலிக்கு வந்தவங்கதான், நம்ம கூலி பேங்க் அக்கவுண்ட்ல வருது, அவ்வளவுதான் வித்தியாசம். உழைக்கறவனுக்கு மரியாதை கிடைக்கணும்னா அவன் உடம்புல ராஜ ரத்தம் ஓடணும்னு நம்ம பிள்ளைங்க நினைச்சுடக் கூடாது.

அதனால ஒரு யோசனை. லீவுல பிள்ளைங்களோட உக்காந்து ரெண்டையும் பாருங்க. பாட்டுக்கு முத்து, முடிவுக்கு தேன்மாவின் கொம்பத்து. மலையாளம் புரியலையேன்னு கவலைப்படாதீங்க, பிள்ளைங்க நமக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் :-)