அரைப் பரீட்சை லீவு யாருக்கு? பிள்ளைக்கா, நோட்டுக்கா?

பெரம்பலூரில் இருந்து அரியலூர் போகிற பஸ். மாலை ஆறரை மணி. உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. ஆபீஸ் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர். மடியில் ஹேண்ட்பேக். அதன் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. பஸ் குலுங்குகிறது. அவர் விடாமல் எழுதிக்கொண்டே வருகிறார்.

"ஆபீஸ் கணக்காம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பையனோட சமூக அறிவியல். ஏழாவது படிக்கிறான். லீவு முடியறதுக்குள்ள எல்லாப் பாடத்துக்கும் கேள்வி-பதில் மூணு தடவை எழுதணுமாம். அவன் பாதி, நான் பாதி."

"டீச்சர் கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?"

"அவங்க எங்கீங்க படிக்கிறாங்க? ஓரத்துல சிவப்பு மையில ஒரு கோடு, அவ்வளவுதான். எழுதி எழுதி என் கையெழுத்தே அவன் கையெழுத்து மாதிரி ஆயிப்போச்சு!"

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. இறங்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் மாதம் அரையாண்டுப் பரீட்சை முடிகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிப் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து நாள் லீவு. 'லீவில் சிறப்பு வகுப்பு வைக்காதே' என்று கல்வித் துறை பள்ளிகளுக்குச் சொல்வது வழக்கம். வகுப்பு வைக்கவில்லை, சரி. வகுப்பையே நோட்டில் கட்டி வீட்டுக்கு அனுப்பினால்? அதற்குப் பெயர் லீவா?

ஐந்து வாத்தியார், ஐந்து லிஸ்ட்

ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் ஒரே டீச்சர்தான் எல்லாப் பாடமும் எடுப்பார். பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு வந்தால் கதை மாறுகிறது. தமிழுக்கு ஒருவர், இங்கிலீசுக்கு ஒருவர், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஆளுக்கு ஒரு பாடம்.

"என் பாடத்துக்குக் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார். அது உண்மைதான். ஆனால் ஐந்து 'கொஞ்சமும்' ஒரே பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. இதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

நாமே கூட்டிப் பார்ப்போம். பாடத்துக்கு 20 கேள்வி என்று வையுங்கள். ஐந்து பாடத்துக்கு 100 கேள்வி. மூன்று தடவை எழுதினால் 300 பதில். ஒரு பதிலுக்கு 5 நிமிடம். ஆக 1,500 நிமிடம். அதாவது 25 மணி நேரம்!

பத்து நாள் லீவு என்றாலும் தினமும் இரண்டரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுத வேண்டும். பன்னிரண்டு வயசுப் பிள்ளை! இது போக சார்ட், மாடல், பிராஜெக்ட் தனி.

மத்திய கல்வி அமைச்சகம் 2020-ல் பள்ளிப் பை பற்றி ஒரு கொள்கை வெளியிட்டது. வீட்டுப்பாடத்துக்கும் அதில் அளவு இருக்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது. மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு 2 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வாரத்துக்கு 5 அல்லது 6 மணி நேரம். பள்ளி நடக்கிற நாளுக்கே அளவு அவ்வளவுதான். லீவு நாளில் 25 மணி நேரம் எந்தக் கணக்கில் சேரும்?

எல்லாப் பள்ளியும் இப்படி என்று சொல்ல வரவில்லை. அளவோடு கொடுக்கிற நல்ல ஆசிரியர்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அளவு தெரியாமல் கொடுப்பவர்களுக்குத்தான் இது.

மூடிய புத்தகத்தில் என்ன வேலை?

எழுதச் சொல்வது எந்தப் பாடம்? பரீட்சை எழுதி முடித்த அதே பாடம்! பரீட்சைக்காக ஒரு தடவை படித்து, பரீட்சையில் ஒரு தடவை எழுதி, லீவில் இன்னும் மூன்று தடவை.

2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. எதற்காக? ஒரு பருவம் முடிந்தால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாம், பிள்ளைக்குப் பாரம் குறையும் என்பதற்காக. நாம் என்ன செய்கிறோம்? மூடிய புத்தகத்தைத் திறந்து அதையே நகல் எடுக்கச் சொல்கிறோம். அதற்கு ஜெராக்ஸ் கடை இருக்கிறதே, பிள்ளை எதற்கு?

ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாற்பது பிள்ளைகள் கொண்டு வருகிற நோட்டை ஒரு ஆள் உட்கார்ந்து படித்துத் திருத்த முடியுமா? முடியாது. அதனால்தான் சிவப்புக் கோடு. பெற்றோர்களிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. "இவ்வளவு ஃபீஸ் கட்டறோம், நோட்டுல ஒண்ணுமே இல்லையே?" என்று கேட்கும் கூட்டம். நோட்டு நிரம்பினால் படிப்பு நிரம்பியது என்று நினைக்கிறோம். அந்தக் குற்றம் நம்முடையது.

பருத்திக் காட்டுக்குப் போன அம்மா

பஸ்சில் பார்த்த அம்மாவுக்கு எழுதத் தெரியும். பையன் தப்பித்தான். எழுதத் தெரியாத அம்மாவின் பிள்ளை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு 80 பேர். பெரம்பலூர் மாவட்டத்தில் 74 பேர். அரியலூர் மாவட்டத்தில் 71 பேர்தான். 'வீட்டில் யாரையாவது கேட்டு எழுது' என்று சொல்லும்போது இந்த எண்ணிக்கை நினைவில் இருக்க வேண்டாமா?

வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் போய்ப் பாருங்கள். பருத்தியும் மக்காச்சோளமும்தான் பிழைப்பு. குளிர் மாதங்களில் பருத்தி வெடிக்க ஆரம்பித்தால் அம்மா விடிவதற்குள் காட்டுக்குப் போய்விடுவார். அப்பா வெளியூரில், அல்லது வெளிநாட்டில். தம்பி தங்கச்சியைப் பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது, ஆட்டை ஓட்டுவது எல்லாம் அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைதான்.

அந்த வீட்டுக்கு 'சார்ட், ஸ்கெட்ச் பேனா, கலர் பிரிண்ட்' என்று லிஸ்ட் போகிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. செல்போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. கூலிக் காசில் சார்ட் வாங்குவதா, அரிசி வாங்குவதா?

கெட்டிக்காரப் பெற்றோர் கடையில் ரெடிமேடாகப் பிராஜெக்டே வாங்கிவிடுகிறார்கள். அதற்கு 'வெரி குட்'. வாங்க முடியாத பிள்ளைக்கு வகுப்புக்கு வெளியே நிற்கிற தண்டனை. படிப்புக்கு மார்க் போட்டோமா, பர்சுக்கு மார்க் போட்டோமா?

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ஜனவரியில் பள்ளி திறக்கிறது. முதல் நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. "வயித்து வலி." இரண்டாம் நாளும் வரவில்லை. நோட்டு முடியவில்லை; போனால் அடி, திட்டு. மூன்றாம் நாள் அம்மாவோடு காட்டுக்குப் போகிறது. அங்கே யாரும் நோட்டுக் கேட்பதில்லை. கையில் கொஞ்சம் கூலியும் கிடைக்கிறது. அப்புறம் பொங்கல் லீவு. அதோடு சரி!

பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைப் பற்றி 'படிப்பு ஏறலை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படிப்பு ஏறாமல் போகவில்லை, அய்யா. நோட்டு முடியாமல் போனது.

சட்டம் இருக்கிறது

இது புதுக் குறை அல்ல. எழுத்தாளர் ஆர்.கே.நாராயண் 1989-ல் ராஜ்யசபையில் முதல் தடவை பேச எழுந்தபோது அரசியல் பேசவில்லை. பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான் பேசினார். பிறகு யஷ்பால் கமிட்டி வந்தது. 1993-ல் அறிக்கை கொடுத்தது. பாரம் இல்லாமல் படிக்க வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

2018 மே மாதம் சென்னை ஐகோர்ட்டு, ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. கல்வி உரிமைச் சட்டமோ 2010 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையை அடிப்பது மட்டும் அல்ல, மனம் நோகச் செய்வதும் கூடாது என்கிறது அதன் 17-வது பிரிவு. சார்ட் கொண்டு வராததற்காக வெளியே நிறுத்துவது எதில் சேரும் என்பதைப் பள்ளிகளே யோசிக்கட்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதும் தெரிந்ததுதான். பிரான்சு நாட்டில் 1956 டிசம்பர் 29-ந் தேதியே, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அங்கேயும் கொடுப்பது நிற்கவில்லை. காகிதத்தில் உத்தரவு இருந்தால் ஆகிவிடாது. மனசும் மாற வேண்டும்.

"சும்மா விட்டா செல்போன்தான்!"

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், பத்து நாள் வேலை கொடுக்காம விட்டா பையன் செல்போனை விட்டு எழுந்திரிக்க மாட்டான். நாங்க கடையைப் பாக்கறதா, அவனைப் பாக்கறதா?"

நியாயமான கேள்வி. வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை தானே செய்யக்கூடிய வேலை வேண்டும் என்கிறேன். காசு கேட்காத வேலை. ஜெராக்ஸ் எடுக்க முடியாத வேலை.

அதற்கு நம் இரண்டு மாவட்டத்தைப் போல ஊர் எங்கே இருக்கிறது?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். சுமார் 12 கோடி ஆண்டுக்கு முந்தியது. 1940-ல் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன் வெளி உலகுக்குச் சொன்னார். இந்தப் பக்கம் எல்லாம் ஒரு காலத்தில் கடல் என்பதற்கு அது சாட்சி. அந்தக் கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் அரியலூர் சிமெண்டு ஆலைகள் ஓடுகின்றன. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் போய்ப் பார்த்து, பத்து வரி சொந்தமாக எழுதட்டும்.

காரைவெட்டி ஏரிக்கு இந்த மாதத்தில்தான் வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது! 2024 ஜனவரியில் அது ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்துவிட்டது. எத்தனை வகைப் பறவை பார்த்தாய் என்று எழுதச் சொல்லுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் இருக்கிற பிள்ளை ராஜேந்திர சோழன் கட்டிய கோவிலைப் பார்த்து வரையட்டும்.

எங்கும் போக முடியாத பிள்ளைக்கும் வேலை உண்டு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரி போகிறது என்று மூன்று நாள் எண்ணட்டும். சராசரி எடுக்கட்டும். அது கணக்கு. அம்மா ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பருத்தி எடுத்தார், என்ன கூலி வந்தது என்று ஒரு வாரம் குறிக்கட்டும். அதுவும் கணக்கு. வெளிநாட்டில் இருக்கிற அப்பாவுக்குக் கடிதம் எழுதட்டும். அது தமிழ். 1956 நவம்பர் 23-ந் தேதி அரியலூர் பக்கத்தில் மருதையாற்றில் ரெயில் கவிழ்ந்ததை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்றுத்தான் லால்பகதூர் சாஸ்திரி ரெயில்வே மந்திரி பதவியை விட்டார். அதைவிடச் சமூக அறிவியல் எது?

இதில் எதற்கும் சார்ட் வேண்டாம். எழுதத் தெரியாத தாத்தாவும் ஆத்தாவும் இந்த வீட்டுப்பாடத்தில் வாத்தியார் ஆகிவிடுவார்கள்!

பத்து நிமிடம் போதும்

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. லீவு விடுவதற்கு முந்திய நாள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு ஆசிரியர்களை ஒரே மேஜையில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். ஐந்து லிஸ்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளை மொத்தம் ஐந்து மணி நேரத்தில் முடிக்கக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் எதுவும் அதில் வேண்டாம். ஜனவரி முதல் நாள் "நோட்டு எங்கே?" என்று கேட்காதீர்கள். "வந்துட்டியா, வா" என்று சொல்லுங்கள். நோட்டு இரண்டு நாள் கழித்து வரும். பிள்ளை போய்விட்டால் வராது.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளையின் வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதாதீர்கள். முடியவில்லை என்றால் நேரே பள்ளிக்குப் போய், "இது அதிகம், பிள்ளையால் ஆகவில்லை" என்று சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கிற வரையில் அந்தப் பாரம் பள்ளிக்குத் தெரியப்போவதில்லை.

பஸ்சில் பார்த்த அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. இந்தப் பத்திரிகை அவர் கண்ணில் பட்டால், நோட்டை மூடிப் பையில் வைக்கட்டும். நாளை அதைப் பையனிடம் கொடுக்க வேண்டாம். டீச்சரிடம் கொடுக்கட்டும்!