சுமை தூக்குபவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்?

'அண்ணாமலை' (1992) படத்தில் பால்காரர் ஒருவர் ஒரே பாட்டில் ஓட்டல் முதலாளி ஆகிவிடுவார். அதற்கு விசில் அடித்தவர்களில் நாமும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு சொல்லாமல் சொல்வது என்ன? உழைத்தால் உயரலாம், உயராதவர் சரியாக உழைக்கவில்லை.

இதையே நிர்வாகவியல் வேறு மொழியில் சொல்கிறது. அத்துறையின் முன்னோடியான பிரெடரிக் டெய்லர் 1911இல் எழுதிய நூலில், அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளம் சுமந்த ஒரு தொழிலாளியைப் பற்றிச் சொல்கிறார். நாளுக்கு 12.5 டன் சுமந்தவரை 47.5 டன் சுமக்க வைத்தாராம். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி உயர்வோ சுமார் 60 சதவீதம். இந்த வேலைக்கு மாட்டைப் போல மந்தபுத்தி உள்ளவரே பொருத்தம் என்றும் டெய்லர் எழுதினார்.

1960இல் டக்ளஸ் மெக்ரிகர் இதைத் திருத்த முயன்றார். மனிதருக்கு இயல்பிலேயே வேலை பிடிக்காது, மிரட்டித்தான் வேலை வாங்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். சூழல் அமைந்தால் மனிதர் தாமே பொறுப்பேற்பார் என்பது 'ஒய்'. நல்ல திருத்தம்தான். ஆனால் இந்த வேலைக்கு இவர் ஏன் வந்தார் என்ற கேள்வி அதிலும் இல்லை.

அந்தக் கேள்வியை 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் கேட்டுவிட்டார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்றார். இழிவு என்று முத்திரை குத்திய வேலையைப் பிறப்பின் பேரில் ஒருவர் தலையில் கட்டினால், அவருக்கு அதில் வெறுப்புதான் வரும்; தப்பிக்கவே நினைப்பார்; மனம் ஒட்டாத வேலையில் திறமை எங்கிருந்து வரும் என்றும் கேட்டார். 'எக்ஸ்' நம்பிக்கை சோம்பல் என்று பார்த்ததன் சமூகக் காரணத்தை அவர் காட்டினார். நிர்வாகவியல் பாடத்தில் நம்மில் எத்தனை பேர் இதைப் படித்தோம்?

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) படமும் சுமை தூக்குபவர்களைப் பற்றியதுதான். அங்கே பள்ளிச் சிறுவனும் விடுமுறையில் தார் சுமக்கிறான். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கவே வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. கடைசியில் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றுகிறார்கள், லாரி கவிழ்கிறது. ஒரே பாட்டில் உயர்ந்துவிட அங்கே யாருக்கும் வழியில்லை.

திரைக்கு வெளியேயும் இதுதான் நிலை. தமிழ்நாட்டில் துப்புரவுப் பணியாளர் 2020இல் 'தூய்மைப் பணியாளர்' ஆனார். பெயர் மாறியது; அந்த வேலைக்கு ஆள் வரும் தெருக்கள் மாறவில்லை. கையால் மலம் அள்ளுவதை 2013 சட்டம் தடுத்த பிறகும் சாக்கடைக் குழிகளில் மரணம் நிற்கவில்லை. எந்த ஊக்கப் பேச்சு அவர்களைக் காப்பாற்றும்?

தோழர்களே, உயர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வகுப்பிலும் திரையரங்கிலும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருப்போம். இந்த வேலைக்கு ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்? வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா? கூலியை முடிவு செய்வது யார்? இவற்றுக்குப் பதில் சொல்லாத பாடம் எதுவானாலும், அது முதலாளியின் பக்கம் நின்று எழுதப்பட்ட பாடமே.