ஏடும் பெட்டியும்

இக்காலத்தில் கற்றோர் இல்லங்களில் இரண்டு பொருள்கள் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றன. ஒன்று நூல்களை அடுக்கிய அலமாரி; மற்றொன்று தொலைக்காட்சிப் பெட்டி. அலமாரி தானாகப் பேசாது. நாம் அருகே சென்று கை நீட்டினால்தான் வாய் திறக்கும். பெட்டியோ, கேட்பார் இல்லாத அறையிலும் பேசிக்கொண்டே இருக்கும். இவ்விரண்டில் எது சிறந்தது என்று என்னைச் சிலர் வினவுகின்றனர். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் ஆதலால், நூலே சிறந்தது என்று நான் உடனே தீர்ப்புக் கூறுவேன் என்பது அவர்தம் எண்ணம். அத்தீர்ப்பைக் கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஓய்வு பெற்ற நாளன்று, "இனி நாள் முழுவதும் படிப்பேன்" என்று மனைவியிடம் சூளுரைத்தேன். மறுநாளே ஒரு நாவலை எடுத்தேன். நாற்பதாம் பக்கத்தில் அடையாளமாக ஒரு மயிலிறகை வைத்தேன். மூன்று திங்கள் கழிந்த பின்னும் மயிலிறகு அப்பக்கத்திலேயே உறங்கிக்கொண்டிருந்தது. அதனை எழுப்ப எனக்கு நேரம் ஏது? மாலை தோறும் தொடர் நாடகம் ஒன்று என்னைக் கட்டிப்போட்டது. அந்நாடகத்தில் ஒருத்தியின் கையிலிருந்த பாற்சொம்பு திங்கட்கிழமை நழுவிற்று. வெள்ளிக்கிழமைதான் தரையில் விழுந்தது. இடைப்பட்ட நாட்களில் அவள் மாமியார் முகத்தை மும்முறை இடியோசையுடன் காட்டினர். நல்ல எழுத்தாளன் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் செய்தி இது. ஆயினும் அச்சொம்பு விழும் ஓசையைக் கேட்க ஐந்து நாள் காத்திருந்தவன் நான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாடகம் முடிந்தவுடன் விவாதம் தொடங்கும். நால்வர் அமர்ந்து ஒருங்கே பேசுவர். நால்வரில் கேட்பவர் ஒருவரும் இலர். செய்தி வாசிப்பவர் சிலர் நாவில் 'தமிழ்' என்னும் சொல்லே 'தமில்' ஆகிவிடும். அதனைக் கேட்டதும் நான் இருந்த இடத்திலிருந்தே உரத்த குரலில் திருத்துவேன். "பெட்டிக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறீர்களா? அது உங்கள் வகுப்பு மாணவன் இல்லை" என்பாள் என் மனைவி. அவள் கூற்று உண்மையே. மாணவன் திருத்தினால் திருந்துவான்.

இப்பெட்டி எங்கள் கரைக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. சென்னையின் ஒளிபரப்பு அந்நாளில் குலசேகரன்பட்டினத்தை எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தோன்றிய பின்னர், தென்கரை ஊர்களில் உயரமான இரும்புக் கம்பங்கள் முளைத்தன. கடல் கடந்து வரும் படத்தைப் பிடிக்க, ஒருவர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்புவார். கீழிருப்பவர், "இன்னும் சற்று இலங்கைப் பக்கம் திருப்பு" என்று கூவுவார். சென்னையை விடக் கொழும்பு எங்கட்கு அண்மையில் இருந்த காலம் அது.

தொலைக்காட்சியின் பெருமையை மறைப்பது நடுநிலை ஆகாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்ல இறங்கிற்று. அத்திட்டத்தை இயக்கியவர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். ராக்கெட் ஏவுதளம் அமையவிருக்கும் ஊரினர் ஆதலால், நாங்கள் அனைவரும் மூச்சடக்கிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தோம். அந்த நொடியை நாட்டு மக்கள் யாவர்க்கும் ஒருங்கே காட்டும் ஆற்றல் எந்த நூலுக்கு உண்டு?

ஆனால் அதே பெட்டி செய்யும் விந்தையையும் கேளுங்கள். எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் தசரா புகழ் வாய்ந்தது. நோன்பிருந்த அடியார்கள் காளியாகவும் அரசராகவும் குறவராகவும் குரங்காகவும் வேடம் புனைந்து வருவர். விசயதசமி இரவில் கடற்கரையில் சூரசம்மாரம் நிகழும். ஓராண்டு அந்நிகழ்ச்சியை வீட்டிலிருந்தே நேரலையில் கண்டேன். முதலில் சன்னல் வழியே மேளம் முழங்கிற்று. சில நொடி கழித்து அதே மேளம் பெட்டியில் முழங்கிற்று. நடந்து சென்றால் கால் நாழிகையில் காணக்கூடிய திருவிழாவை நாற்காலியில் அமர்ந்து காண்பது என்ன அறிவுடைமை என்று என்னையே நொந்துகொண்டேன்.

இவ்வாறு நகைத்தும் நொந்தும் நாட்கள் சென்றன. கோடை விடுமுறைக்கு என் பெயர்த்தி சென்னையிலிருந்து வந்தாள். எட்டாம் வகுப்பு மாணவி. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்தை அவளிடம் அன்போடு நீட்டினேன். "இது எதற்குத் தாத்தா? நான்தான் படத்தைப் பார்த்துவிட்டேனே!" என்றாள்.

அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. ஆயினும் நாற்பதாம் பக்கத்தில் மயிலிறகை மறந்தவன் அச்சிறுமியை எவ்வாறு கடிவது?

அந்நாவல் 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்து ஐந்து பாகங்களாக நிறைந்தது. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இரு திரைப்படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரமே ஓடும். படம் நன்றாகவே இருந்தது. எனக்கு நேர்ந்த இழப்பு வேறு. கல்லூரி நாட்களில் அந்நாவலைப் படித்தபோது, ஓடக்காரப் பெண் பூங்குழலிக்கு மணப்பாட்டுக் கரையில் வலை உலர்த்திய ஒரு பெண்ணின் முகத்தை என் மனம் அளித்திருந்தது. கோடிக்கரையைக் கண்டறியாத நான், அவள் ஓடத்தை எங்கள் கடலிலேயே மிதக்கவிட்டேன். அரை நூற்றாண்டாக என் உள்ளத்தில் குடியிருந்த அப்பெண்ணைத் திரைப்படம் ஒரே மாலையில் வெளியேற்றிவிட்டது. இப்போது எவ்வளவு முயன்றாலும் நடிகையின் முகமே தோன்றுகிறது. முன்பு படித்த எனக்கேனும் இழப்பதற்கு ஒரு முகம் இருந்தது; படத்தை மட்டும் கண்ட சிறுமிக்கு அதுவும் இல்லையே!

ஆதலின் அன்றிரவு முதல் நாளுக்கு ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படிப்பது என்று இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டோம். கதை வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. "அந்த ஏரி இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். "அதுவே வீராணம் ஏரி. சென்னைக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பங்கு 2004-ஆம் ஆண்டு முதல் அங்கிருந்துதான் வருகிறது" என்றேன். "எங்கள் வீட்டுக் குழாயிலா?" என்று வியந்தவள், நூலை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். நூல் காத்திருந்தது. எந்தப் படமும் அவ்வாறு காத்திருப்பதில்லை. அது தன் வேகத்தில் ஓடும், நாமும் உடன் ஓடல் வேண்டும். நூலோ நம் வேகத்தில் வரும். நாம் நின்றால் தானும் நிற்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஏரியும் அவள் வீட்டுக் குழாயும் ஒன்றாய் இணைந்தது அந்த நிற்றலில்தான்.

அவளுக்குத் துணையாக நானும் என் மயிலிறகை எழுப்பினேன். அது குறித்த நூல் ஜோ டி குருஸ் 2004-இல் வெளியிட்ட 'ஆழி சூழ் உலகு'. எங்கள் தென்கரைப் பரதவர் வாழ்வைக் கூறுவது. அவர்தம் பேச்சு மொழியிலேயே அமைந்தது. மரபு வழியில் இலக்கணம் கற்ற நான், முதற் பக்கங்களில் பிழைகளை எண்ணிக்கொண்டே சென்றேன். பின்னர் எண்ணுவதை மறந்தேன். இறுதியில் என் அறியாமையை எண்ணத் தொடங்கினேன். கடல் நீரோட்டத்தை எங்கள் மீனவர் 'நீவாடு' என்பர். நெய்தல் திணையைப் பல்லாண்டு பாடம் நடத்திய எனக்கு, வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் வழங்கும் அச்சொல் தெரியாது. கடற்கரையில் வலை பின்னிய முதியவர் ஒருவரிடம் சென்று கேட்டேன். அவர் மணலில் கோடு கிழித்து எனக்கு நீரோட்டத்தின் திசைகளைக் கற்பித்தார். பெட்டி என்னைக் கடற்கரையிலிருந்து வீட்டுக்குள் இழுத்தது. நூல் என்னை வீட்டிலிருந்து கடற்கரைக்கு அனுப்பிற்று.

நூலுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தமிழ் எழுத்துகளில் அச்சான தொடக்க நூல்களுள் ஒன்றாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதனை ஆக்கிய அண்டிரிக் அடிகளார், எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்றவர். அவ்வச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருள் வழங்கினர். உயிரைப் பணயம் வைத்துக் கடலடியில் ஈட்டிய பொருளை ஏட்டுக்கு ஈந்த முன்னோரின் வழிவந்த நாம், நூலகத்தில் விலையின்றிக் கிடைக்கும் நூலைத் தொடாதிருப்பது தகுமா?

தூத்துக்குடிக் கடலில் 1961-ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. கல்லைக் காலில் பிணைத்து, மூச்சை அடக்கி, ஆழத்தில் இறங்கிச் சிப்பி அள்ளியோர் கதையாகிவிட்டனர். அலை கொணர்ந்து கரையில் ஒதுக்கும் கிளிஞ்சல்களும் அழகியவையே. குழந்தைகள் அவற்றைப் பொறுக்கி மகிழட்டும். தொலைக்காட்சி தரும் இன்பம் அத்தகையது. முத்து வேண்டுவோர் மூழ்கல் வேண்டும். மூழ்கும் பழக்கத்தை ஒரு தலைமுறை விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க எவரும் இரார்.

என் பெயர்த்தி இப்போது இரண்டாம் பாகமாகிய 'சுழற்காற்'றில் இருக்கிறாள். நடுவே எழுந்து தொலைக்காட்சி காணவும் செல்கிறாள். நான் தடுப்பதில்லை, பாற்சொம்பு விழுந்ததா என்று அவளிடம் கேட்டறிவதும் உண்டு. சென்ற வாரம் தொலைபேசியில் அவள், "தாத்தா, என் பூங்குழலி படத்தில் வந்தவளைப் போல் இல்லை, கொஞ்சம் என் தோழியைப் போல் இருக்கிறாள்" என்றாள்.

அன்று இரவு என் வீட்டுப் பெட்டி, திறக்கப்படாமலே உறங்கிற்று.