காய்ந்த சரக்கும் ஈரச் சரக்கும்

ராத்திரி கடையைச் சாத்தும்போது பிரிட்ஜையும் அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. கரண்ட் பில் மிச்சம் என்பது கணக்கு. ஓர் இரவுக்கு ஓரிரு யூனிட் மிச்சமாகலாம். ஒரு பன்னீர் பாக்கெட் கெட்டாலே அந்த மிச்சம் போய்விடும்.

ஜவ்வாது மலையில் நாம் காலங்காலமாக வாங்கி விற்ற சரக்கு என்ன? சாமை, கேழ்வரகு, புளி, கடுக்காய், தேன். கீழேயிருந்து வரும் உப்பு, வெல்லம், மிளகாய். இவற்றில் எதுவும் பிரிட்ஜ் கேட்டதில்லை. பாக்டீரியா என்னும் கண்ணுக்குத் தெரியாத உயிருக்குப் பெருக ஈரம் வேண்டும். காய்ந்த சாமையில் அது கிடைக்காது. உப்பும் வெல்லமும் இருக்கிற ஈரத்தையும் தம்மோடு பிடித்துக்கொள்ளும். புளியைப் புளிப்பே காக்கும். மூட்டை நனையக்கூடாது, வண்டு விழக்கூடாது. அவ்வளவுதான் நாம் படித்த தொழில்.

இன்று மலையிலுள்ள சின்னக் கடையில்கூடப் பாக்கெட் பால், தயிர், இட்லி மாவு, பன்னீர் கேட்கிறார்கள். இவையெல்லாம் ஈரச் சரக்கு. சரக்கு மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை.

பாக்டீரியா என்றாலே எதிரி என்று சோப்பு விளம்பரங்கள் பயமுறுத்துவதை நான் ஏற்பதில்லை. இட்லி மாவைப் பொங்க வைப்பது பெரும்பாலும் உளுந்தோடு வரும் லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா விடும் வாயுதான். பாலைத் தயிராக்குவதும் அதன் உறவுக்கூட்டமே. மொச்சை, நிலக்கடலை வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. யூரியா கடைக்காரர் மாதிரி பில் போடுவதில்லை!

மார்கழியில் மலைமேல் பொங்க மறுக்கும் மாவு, சித்திரையில் வேலூரில் பாத்திரத்தை விட்டு வழிகிறது. குளிரில் அவை அடங்கும், வெப்பத்தில் ஆடும். நல்லதும் அப்படித்தான், கெட்டதும் அப்படித்தான்.

மாவிலும் தயிரிலும் உள்ள புளிப்பு கெட்ட பாக்டீரியாவை ஓரளவு தடுக்கும். அதிகம் புளித்தால் நமக்கு நஷ்டம், பெரும்பாலும் அதோடு போயிற்று. பாலுக்கும் பன்னீருக்கும் அந்தக் காவல் இல்லை. ஏற்ற வெப்பத்தில் சில பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அப்படியே 7 மணி நேரம் போனால் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டும். காலையில் சுவிட்சைப் போட்டதும் பாக்கெட் மறுபடி சில்லென்று ஆகிவிடும், பெருகியது குறைந்துவிடாது. முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் நம்பக்கூடாது. நோய் தருபவை பல வாடையே காட்டாது. கையில் சீழ்ப்புண்ணோடு பன்னீரை வெட்டிக் கொடுத்தால் ஸ்டைபிலோகாக்கஸ் அதில் ஏறி, வெளியில் கிடக்கும் நேரத்தில் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, காலாவதியான பொருளையோ சுகாதாரமற்ற முறையில் வைத்த பொருளையோ விற்றால் பொறுப்பு விற்பவருக்கே. கம்பெனியைக் கைகாட்டித் தப்ப முடியாது.

தேன் வியாபாரி என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேனில் பாக்டீரியா பெருகாது. ஆனால் சிலவற்றின் வித்து அதில் உறங்கிக் கிடக்கும். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் அப்படிப்பட்டது. பெரியவர்கள் வயிற்றில் அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து கைகால்களைத் தளரச் செய்யலாம், மூச்சையும் முடக்கலாம். இது அரிதுதான். ஆனாலும் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்க என்று தேன் கேட்டால், வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. ஒரு பாட்டில் விற்காமல் போனால் போகட்டும். மலைக்கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது நமக்குத் தெரியும்.

சங்கம் செய்யக்கூடியது இரண்டு. பிரிட்ஜுக்குள் வைக்கும் தெர்மாமீட்டரை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்கலாம். முள் 5 டிகிரியைத் தாண்டக்கூடாது. அடுத்து, காற்று மழையில் 4 மணி நேரத்துக்குமேல் கரண்ட் போனால் பாலையும் பன்னீரையும் விற்காமல் ஒதுக்கிவிட வேண்டும். அந்தச் சரக்கைப் பாதி விலைக்காவது திரும்ப எடுக்கும்படி விநியோகஸ்தர்களிடம் சங்கம் பேச வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் நடக்காது. அடுத்த கூட்டத்தில் இதை வைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.