மீன் வரிசையும் ரஞ்சிக் கோப்பையும்

பெரிய மார்க்கெட்டுல மீன் வாங்கப் போனவங்களுக்கு இது தெரியும். வரிசையா பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. ஒரு அம்மா வஞ்சிரத்துக்கு ஒரு விலை சொன்னா, நாலடி தள்ளி அதே வஞ்சிரம் இன்னொரு விலையில இருக்கும். கொஞ்சம் அசந்தா வாடிக்கையாளர் நகர்ந்துடுவார். எங்க தெருவுக்கு வண்டியில மீன் கொண்டு வர்றவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவர் வர்ற நேரத்துல வேற யாரும் வர மாட்டாங்க. சொன்னதுதான் விலை.

இப்போ ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல 1000 ரூபாய் லாபம்னு வெச்சுக்குங்க. யார் பெரிய வியாபாரி? கணக்குப் புத்தகத்துல ரெண்டு பேருக்கும் ஒரே எண்தான் இருக்கும். பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்கன்னு அதுல பதிவாகாது. (மூணு வருஷமா காமர்ஸ் படிச்சதுல எனக்கு உருப்படியா புரிஞ்ச விஷயம் இது ஒண்ணுதான்!)

விளையாட்டுல டிவிஷன் பிரிக்கிறதுலயும் இதே சிக்கல்தான். அமெரிக்காவோட என்.பி.ஏ. கூடைப்பந்துல 30 அணிகள், ஆறு டிவிஷன், ஒண்ணுக்கு அஞ்சு அணி. பிரிச்சது ஊரைப் பார்த்து, பலத்தைப் பார்த்து இல்லை. 2014-15 சீசன்ல தென்மேற்கு டிவிஷன்ல இருந்த அஞ்சு அணியுமே பிளே-ஆஃப் போச்சு. ஹூஸ்டன் 56 வெற்றி, சான் அன்டோனியோ 55, மெம்ஃபிஸ் 55, டல்லாஸ் 50, நியூ ஆர்லியன்ஸ் 45. அந்த வரிசையில கடைசியா வந்தவரே 45! அதே வருஷம் மேற்குல 45 ஆட்டம் ஜெயிச்ச ஒக்லஹோமா சிட்டி வீட்டுக்குப் போச்சு. கிழக்குல 38 மட்டும் ஜெயிச்ச புரூக்ளின் பிளே-ஆஃப் ஆடுச்சு. இன்னொரு கூத்தும் நடந்தது. வடமேற்கு டிவிஷன்ல முதல்ல வந்த ஒரே காரணத்தால, 51 வெற்றி எடுத்த போர்ட்லாண்டுக்கு நாலாவது இடம். 55 எடுத்த மெம்ஃபிஸும் சான் அன்டோனியோவும் அதுக்குக் கீழே. கத்தல் தாங்காம 2015-லயே அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க.

சரி, அமெரிக்காக்காரன் பிரச்னை நமக்கெதுக்கு? நம்ம புதுச்சேரி அணியும் இதே மாதிரி ஒரு சிக்கல்ல இருந்து வந்ததுதான்.

2018-19-ல ரஞ்சிக் கோப்பைக்கு ஒன்பது புது அணிகள் வந்தது. அதுல புதுச்சேரியும் ஒண்ணு. ஒன்பதையும் சேர்த்து 'பிளேட்' குரூப்னு தனியா உட்கார வெச்சாங்க. அந்த வருஷம் பிளேட்ல நடந்ததைப் பாருங்க. பீகாரோட அசுதோஷ் அமன் 68 விக்கெட் எடுத்து, 1974-75-ல பிஷன் சிங் பேடி ஒரே ரஞ்சி சீசன்ல எடுத்த 64-ஐத் தாண்டினார். அந்த சீசன்ல அதிக ரன் அடிச்ச மிலிந்த் குமாரும் (1331 ரன்) பிளேட் அணியான சிக்கிமுக்கு ஆடினவர்தான். பிளேட்ல முதல்ல வந்த உத்தராகண்ட் காலிறுதியில விதர்பாகிட்ட இன்னிங்ஸ் தோல்வி.

அதுக்கப்புறமும் இதே கதைதான். 2022-ல பீகாரோட சகிபுல் கனி முதல் தர கிரிக்கெட்ல தன் முதல் ஆட்டத்துலயே மிசோரமுக்கு எதிரா 341 அடிச்சார், உலக சாதனை. 2024 நவம்பர்ல கோவா அருணாசலத்துக்கு எதிரா 2 விக்கெட்டுக்கு 727, ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டு முச்சதம். இதெல்லாம் பொய்யில்லை, அடிச்சது அடிச்சதுதான். ஆனா எந்த வரிசையில உட்கார்ந்து அடிச்சதுன்னு சேர்த்துச் சொல்லணும்.

இதைச் சொன்னா என் வகுப்பு நண்பன், "அப்போ பிளேட்டைத் தனியாவே வெச்சிருக்கட்டுமே. எதுக்கு மேல கொண்டு வரணும்?"னு கேக்கிறான். அவன் சொல்றதுல நியாயம் இல்லாம இல்லை. 2022 மார்ச்ல பிளேட் குரூப்ல இருந்து வந்த நாகாலாந்துக்கு எதிரா ஜார்க்கண்ட் 880 அடிச்சு, கடைசியில 1008 ரன் முன்னிலையோட நின்னுச்சு. அதை யார் உட்கார்ந்து பார்க்கிறது?

ஆனா நம்ம ஊர்க் கதையை அவன் மறந்துட்டான். 2021-22-ல புதுச்சேரியை எலைட்ல சேர்த்தாங்க. கர்நாடகாகிட்ட இன்னிங்ஸ் தோல்வி. அப்பவே "இதுங்களுக்கு எதுக்கு எலைட்"னு கிண்டல் பண்ணினவங்க உண்டு. 2024 ஜனவரியில அதே புதுச்சேரி டெல்லிக்குப் போய், ஏழு தடவை கோப்பை ஜெயிச்ச டெல்லியை 9 விக்கெட்ல தோற்கடிச்சது. ரெண்டு இன்னிங்ஸ்லயும் டெல்லி 150-ஐத் தொடலை. முதல் இன்னிங்ஸ்ல ஏழு விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்துல இருந்து வந்தவர், ஒத்துக்கிறேன். ஆனா மீதி பத்துப் பேரும் ஆடினாங்க இல்லையா? பிளேட்லயே இருந்திருந்தா அந்த ஆட்டமே நடந்திருக்காது.

என்.பி.ஏ.ல கடைசியில வர்ற அணிகளுக்கு டிராஃப்ட்ல முதல்ல ஆள் எடுக்கிற வாய்ப்பு அதிகம். பலவீனமான அணிக்கு அது ஒரு கைதூக்கல். ரஞ்சியில டிராஃப்ட் கிடையாது. இங்க ஒரு சின்ன அணி முன்னேற இருக்கிற நல்ல வழி, பெரிய அணிகளோட திரும்பத் திரும்ப ஆடி அடி வாங்குறதுதான். நல்லா விளையாடுறவன் கூட பலவீனமான அணியில இருந்தா, தேர்வாளர்கள் "பிளேட் ரன்தானே"ன்னு ஒதுக்கிடுவாங்க. அதுவும் நியாயம்தான்கிறதுதான் சோகம்.

இப்போ எலைட்ல 32 அணி, பிளேட்ல 6. வருஷத்துக்கு ரெண்டு அணி மேலே, ரெண்டு கீழேன்னு இருந்ததை 2025-26-க்கு ஒண்ணாக் குறைச்சுட்டாங்க. இதுதான் எனக்கு ஆகலை. வரிசை பிரிக்கிறது தப்பில்லை, கதவை ஒடுக்குறதுதான் தப்பு. ஆறு அணியில ஒண்ணுக்குத்தான் வழின்னா, ரெண்டாவது வர்ற அணி இன்னொரு வருஷம் அதே பிளேட்லயே ஆடணும். நல்லா ஆடுற பையன் வேற மாநிலத்துக்குப் போயிடுவான், அணி இன்னும் இளைச்சுப் போகும். எலைட்ல கடைசியில தத்தளிக்கிற அணிகளுக்கும் பயம் குறைஞ்சுடும்.

ரெண்டு மேலே, ரெண்டு கீழேன்னு பழையபடி வையுங்க. அதோட ஒவ்வொரு பிளேட் அணிக்கும் வருஷத்துக்கு ஒரு ஆட்டமாவது எலைட் அணியோட கொடுங்க. இன்னொரு 880 வந்தா வரட்டும். துத்திப்பட்டு மைதானத்துல பந்து போடுற பையனுக்கு அந்த ஒரு நாள் அடி, பிளேட்ல எடுக்கிற பத்து விக்கெட்டை விட அதிகம் கத்துக் கொடுக்கும்.

தெருவுல தனியா வண்டி ஓட்டுறவர் எத்தனை வருஷம் ஓட்டினாலும் பெரிய மார்க்கெட் வியாபாரம் கத்துக்க முடியாது. அதுக்கு அந்த வரிசையில ஒரு இடம் கொடுக்கணும்.